திசைகாட்டி இல்லாமல் கடல் கடந்தவர்கள்

பசிபிக் தீவுகளின் பழங்குடி மக்கள் திசைகாட்டியும் வரைபடமும் இல்லாத காலத்தில் அவ்வளவு தொலைவிலுள்ள தீவுகளை எப்படிக் கண்டடைந்தார்கள் என்பது கேள்வி. காற்றும் நீரோட்டமும் இழுத்துச் சென்ற தோணிகள் தற்செயலாகக் கரை ஒதுங்கின என்றும், அம்மக்களுக்குப் பிறவியிலேயே ஒரு திசையுணர்வு வாய்த்திருந்தது என்றும் சொல்லப்படுவது சரிதானா என்பது அதனுடன் சேர்ந்த ஐயம். அந்த இரண்டு விளக்கங்களும் தவறானவை. அம்மக்களிடம் இருந்தது ஒரு கல்வி. அதற்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், மனப்பாடம் செய்ய வேண்டிய பாடங்கள் இருந்தன, தேறியவர்களை ஊரறிய ஏற்கும் சடங்கு இருந்தது, நடுக்கடலில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டு திருத்தும் முறையும் இருந்தது. அந்தக் கல்வி எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பரப்பளவை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கே ஹவாய், தென்கிழக்கே ராப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவு, தென்மேற்கே அவோட்டெரோவா என்னும் நியூசிலாந்து ஆகிய மூன்றையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்தைப் பொலினீசியா என்கிறோம். ஹவாய்க்கும் முக்கோணத்தின் நடுப்பகுதியிலுள்ள தஹிட்டிக்கும் இடையில் மட்டுமே 4,000 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். ராப்பா நூயிக்கு மிக அருகில் மனிதர் வாழும் நிலம் பிட்கெர்ன் தீவு. அதுவும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்த முக்கோணம் முழுவதும் ஒரே மொழிக்குடும்பத்தின் நெருங்கிய கிளைகள் பேசப்படுகின்றன. தோணிக்கு ஓரிடத்தில் ‘வாக்கா’, இன்னோரிடத்தில் ‘வக்கா’, மற்றோரிடத்தில் ‘வாஆ’ என்று பெயர். 1770களில் இந்தக் கடலில் சுற்றிய பிரித்தானியக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், ஒரே மக்களினம் இத்தனை பெரிய பரப்பில் பரவியிருப்பதைக் கண்டு வியந்து எழுதினார்.

இந்தப் பரவல் ஒரே மூச்சில் நடந்துவிடவில்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து தெற்கே நகரத் தொடங்கிய ஆஸ்திரோனேசிய மொழி பேசும் மக்களின் வழித்தோன்றல்கள், ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் பாப்புவா நியூகினிக்கு அருகிலுள்ள பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தில் வாழ்ந்தார்கள். புள்ளிக்கோலம் போன்ற அச்சுகள் பதித்த அவர்களுடைய மட்பாண்டங்களை வைத்து அந்தப் பண்பாட்டை ‘லப்பிட்டா’ என்று அழைக்கிறார்கள். அங்கிருந்து சில நூற்றாண்டுகளுக்குள் வனுவாட்டு, ஃபிஜி, டோங்கா, சமோவா வரை சென்றுவிட்டார்கள். வனுவாட்டுவுக்கும் ஃபிஜிக்கும் இடையில் சுமார் 800 கிலோமீட்டர் கடலில் கண்ணுக்கு எந்த நிலமும் தெரியாது. பிறகு நெடுங்காலம் ஓர் இடைவெளி. அதன்பின் கி.பி. 1000க்கும் 1300க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் கிழக்குப் பொலினீசியாவின் தீவுகளும், ஹவாய், ராப்பா நூயி, அவோட்டெரோவா ஆகிய மூன்று மூலைகளும் அடுத்தடுத்துக் குடியேறப்பட்டன.

தற்செயல் என்ற வாதத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேர் வலுச் சேர்த்தார்கள். நார்வே நாட்டுத் தோர் ஹெயர்டால் 1947இல் பெரு நாட்டுக் கரையிலிருந்து பால்சா மரத்தெப்பம் ஒன்றில் புறப்பட்டு, 101 நாள்கள் காற்றோடும் நீரோட்டத்தோடும் மேற்கே சென்று பொலினீசியாவின் துவாமோட்டு தீவுக்கூட்டத்திலுள்ள ரரோயியாவை அடைந்தார். குடியேற்றம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்று அவர் வாதிட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷார்ப் 1950களில், கருவியில்லாமல் நெடுந்தொலைவு திட்டமிட்டுப் போய்த் திரும்புவது நடவாத காரியம், எனவே புயலில் வழிதவறியவர்களே தொலைதூரத் தீவுகளில் குடியேறியிருக்க வேண்டும் என்றார். இந்த இரண்டாவது வாதம் நாகரிகமாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது அம்மக்களின் அறிவின் மேல் வைத்த அவநம்பிக்கைதான்.

அதற்கு மறுப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. மொழியும் தொல்லியலும் மரபணுவும் குடியேற்றம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நடந்ததையே காட்டுகின்றன. ஆனால் வெப்பமண்டலப் பசிபிக்கில் ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அப்படியானால் மக்கள் காற்றை எதிர்த்தே பரவியிருக்கிறார்கள். 1973இல் வெளியான கணினி ஆய்வொன்று, காற்று, நீரோட்டத் தரவுகளை வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்பனைத் தோணிகளை வெறுமனே மிதக்கவிட்டுப் பார்த்தது. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் அப்படி அடித்துச் செல்லப்பட்டு அடைவது ஏறத்தாழ நடக்காத செயல் என்று அது காட்டியது. இதற்கெல்லாம் மேலாக ஓர் எளிய சான்று உண்டு. மீன்பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கியவர்களின் தோணியில் பெண்களும் குழந்தைகளும் இருக்க மாட்டார்கள். சேப்பங்கிழங்கின் நடுகொத்தும், வாழைக் கன்றும், ஈரப்பலாவின் வேர்க்கன்றும், பன்றியும் நாயும் கோழியும் இருக்க மாட்டா. குடியேறிய தீவுகளிலோ இவை பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஊரையே தோணியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் போகுமிடம் ஒன்று உண்டு என்று நம்பித்தான் போயிருக்க வேண்டும்.

காற்றை எதிர்த்துப் போனதிலும் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. கிழக்குக் காற்று தளர்ந்து மேற்குக் காற்று வீசும் சில வாரங்கள் ஆண்டுதோறும் வரும். அப்போது கிழக்கே தேடிப் புறப்பட்டால், ஒன்றும் அகப்படாத நிலையிலும் வழக்கமான காற்று திரும்பியவுடன் பாயை விரித்து எளிதாக வீடு வந்துவிடலாம். காற்றோடு போய்த் தேடுபவனுக்குத்தான் திரும்பும் வழி அடைபடும். தேடலையும் திரும்புதலையும் ஒன்றாகக் கணக்கிட்ட மக்களுக்கே இந்த ஒழுங்கு புலப்பட்டிருக்கும்.

போனவர்கள் திரும்பி வந்து போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி சொல்கிறது. துவாமோட்டு தீவுகளில் கிடைத்த ஒரு கல்வாய்ச்சி ஹவாயின் கஹோஒலவே தீவுக் கல்லால் ஆனது என்று வேதியியல் ஆய்வில் தெரியவந்தது; இது 2007இல் வெளியான முடிவு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்கப் பயிர். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது பொலினீசியத் தோட்டங்களில் விளைந்தது. ‘குமரா’ என்ற அதன் பெயரும் தென்னமெரிக்கச் சொல்லோடு உறவுடையதாகத் தெரிகிறது. கி.பி. 1200 வாக்கில் பொலினீசியரும் தென்னமெரிக்கப் பழங்குடியினரும் கலந்தார்கள் என்பதை 2020இல் வெளியான மரபணு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஹெயர்டால் சொன்ன தொடர்பு உண்மையில் இருந்தது. பெரும்பாலான அறிஞர்கள் கருதுவதுபோல், கடலைக் கடந்து அமெரிக்கக் கரை வரை போய்வந்தவர்கள் தீவு மக்கள்தான் என்று கொள்வதே பொருத்தம்.

இனித் தோணி. நெடும்பயணத்துக்கு இரண்டு தோணிகளை இணையாக வைத்துக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து நடுவில் தளம் அமைப்பார்கள். குறுந்தொலைவுக்கு ஒரு தோணியும் அதன் ஒரு பக்கத்தில் நீண்ட கைகளின் முனையில் ஒரு மிதவையும் போதும். ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டுத் தேங்காய் நார்க்கயிற்றால் தைப்பார்கள்; இடுக்குகளை ஈரப்பலாப் பாலால் அடைப்பார்கள்; தாழையோலையைப் பாயாக முடைவார்கள். கயிற்றால் கட்டிய தோணி அலையோடு சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் முறியாது. (இரட்டை உடல் கொண்ட கலங்களுக்கு இன்று உலகம் முழுதும் வழங்கும் பெயர் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனது. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. பசிபிக்கின் இரட்டைத் தோணி வேறு வடிவம். பெயர் மட்டுமே பயணப்பட்டிருக்கிறது.)

பொலினீசியாவுக்கு மேற்கேயுள்ள சிறுதீவுகளின் பகுதியான மைக்ரோனீசியாவின் தோணி இன்னும் நுட்பமானது. அதன் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். ஆகவே திசை மாற்றும்போது தோணியைத் திருப்புவதில்லை. பாயின் முனையை ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். முன்பக்கம் பின்பக்கமாகிறது, பின்பக்கம் முன்பக்கமாகிறது. 1742இல் மரியானா தீவுகளில் ஒன்றான டினியனில் இந்தத் தோணிகளைக் கண்ட, ஆன்சன் என்பவரின் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையினர், அவை மணிக்கு ஏறத்தாழ 20 மைல் ஓடக்கூடியவை என்று எழுதினார்கள். அன்றைய ஐரோப்பியக் கப்பல் எதுவும் அந்த வேகத்தை நெருங்கவில்லை.

நல்ல தோணி மட்டும் இருந்தால் வேகமாகத் தொலைந்துபோகலாம், அவ்வளவுதான். வழியறிவது, கலத்தைச் செலுத்தும் மீகாமனின் வேலை. மைக்ரோனீசியாவைச் சேர்ந்த கரோலின் தீவுகளின் மீகாமர்கள் கற்கும் முதற்பாடம் விண்மீன் வட்டம். தரையில் பாயை விரித்து, வட்டமாக 32 கற்களையோ பவளத் துண்டுகளையோ வைப்பார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு குறிப்பிட்ட விண்மீன் அடிவானத்தில் எழும் அல்லது விழும் புள்ளி. கிழக்கின் தலைமையிடம் அவர்கள் ‘மைலாப்’ என்று அழைக்கும் விண்மீனுக்கு. நம் பஞ்சாங்கத்தில் அதுதான் திருவோணத்தின் முதன்மை மீன். அதற்கு வடக்கே ரோகிணி, கார்த்திகை, அபிஜித் என்று எழுபுள்ளிகள் வரிசையாக வரும்; தெற்கே ஓரியனின் இடைக்கச்சு, அத்தம், கேட்டை, பிறகு தென்சிலுவை. வடக்கின் நுனியில் துருவ மீன். நமக்குத் திருமணப் பொருத்தம் பார்க்கவும் நாள் குறிக்கவும் பயன்படும் அதே மீன்கள் அங்கே ஊர்களின் திசையைச் சொல்கின்றன.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஒரே இடத்திலிருந்து பார்க்கும்போது ஒரு விண்மீன் ஆண்டு முழுவதும், மனித ஆயுள் முழுவதும், அடிவானத்தின் ஒரே புள்ளியில்தான் எழுகிறது. எழும் நேரம் மட்டுமே நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டு போகிறது. மீன் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும்வரைதான் அது திசை காட்டும். உயரே ஏறிவிட்டால் அதை விட்டுவிட்டு அதே புள்ளியில் அடுத்து எழும் மீனைப் பிடிக்க வேண்டும். ஓர் இரவுக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு மீன்கள் தேவைப்படலாம். மீகாமன் அவற்றின் வரிசையை மனத்தில் வைத்திருப்பான். மேகம் பாதி வானத்தை மறைத்தாலும் பின்புறம் விழும் ஒரு மீனை வைத்து முன்புறத் திசையைச் சொல்லிவிடுவான். வட்டத்தின் எதிரெதிர் இணைகளைச் சிறுவயதிலேயே ஒப்பித்துப் பழகியதன் பயன் அது.

அடுத்த பாடம் இன்னும் கடினமானது. ஒவ்வொரு தீவையும் மையமாக எண்ணிக்கொண்டு, 32 திசைகளிலும் அங்கிருந்து என்னென்ன இருக்கின்றன என்று மாணவன் சொல்ல வேண்டும். இந்த மீனின் கீழே இன்ன தீவு, அந்த மீனின் கீழே இன்ன பவளத்திட்டு, வேறொன்றின் கீழே குறிப்பிட்ட வகைப் பறவைகளோ கடல்மீன்களோ தென்படும் கடற்பகுதி என்று பட்டியல் நீளும். பிறகு மையத்தை வேறு தீவுக்கு மாற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காகிதத்தில் ஒருமுறை வரைந்தால் முடிந்துபோகும் ஒன்றை இவ்வளவு பாடுபட்டு ஏன் கற்கிறார்கள் என்று தோன்றலாம். நடுஇரவில், மழையில், நனைந்த தோணியில் காகிதத்தைத் தேட முடியாது. தலைக்குள் இருப்பது நனையாது.

பகலில் சூரியன் எழும்போதும் விழும்போதும் திசை தெரியும். உச்சிப்பொழுதிலும் மூடிய வானத்திலும் என்ன செய்வது? அங்கேதான் அலை வருகிறது. காற்று அவ்விடத்தில் கிளப்பும் சிற்றலை வேறு. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிலையாக வீசும் காற்றினால் எழுந்து, அந்தக் காற்றை விட்டு விலகிய பின்னும் ஒரே சீராக ஓடிவரும் நெடிய அலை வேறு. இந்த நெட்டலை நாள்கணக்கில் திசை மாறாது. விடியற்காலையில் சூரியனோடு ஒப்பிட்டு நெட்டலை எந்தக் கோணத்தில் தோணியைத் தூக்குகிறது என்று மீகாமன் குறித்துக்கொள்வான். பிறகு நாள் முழுவதும் அதே அசைவைக் காப்பாற்றிக்கொண்டு போவான். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நெட்டலைகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து குறுக்கிடும். அவற்றைக் கண்ணால் பிரிப்பதைவிட உடம்பால் பிரிப்பது எளிது என்பதால், இருட்டில் தோணியின் அடியில் படுத்துக்கொண்டு அசைவை உணர்வார்கள்.

அலையறிவை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் மார்ஷல் தீவு மக்கள். அங்கே 29 பவள வளையங்களும் 5 தனித்தீவுகளும் கடலில் தாழ்ந்து கிடக்கின்றன. தென்னைமர உச்சியே அடிவானத்தில் முதலில் தெரியும், அதுவும் பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிய பிறகுதான். ஆனால் தீவு அலையை மாற்றுகிறது. வந்து மோதும் நெட்டலை பின்வாங்கித் தெறிக்கிறது, ஓரங்களில் வளைகிறது, மறுபக்கத்தில் வளைந்த இரண்டும் சந்தித்துக் கொந்தளிக்கின்றன. கண்ணுக்குத் தீவு தெரியும் முன்பே அதன் சாயல் அலையில் தெரிந்துவிடுகிறது. ஈர்க்கு போன்ற மெல்லிய குச்சிகளைக் கட்டி, தீவுகளுக்குச் சிப்பிகளை வைத்து இந்த அலைவளைவுகளை அவர்கள் உருவமாகச் செய்தார்கள். ‘மத்தாங்’ என்பது பொதுவான அலை இலக்கணத்தைக் கற்பிக்கும் சிறு சட்டம். ‘ரெப்பெலிப்’ தீவுக்கூட்டம் முழுவதையும் காட்டும். அருங்காட்சியகங்களில் இவற்றைக் கடல் வரைபடம் என்று எழுதி வைத்திருப்பார்கள். யாரும் இவற்றைத் தோணியில் எடுத்துச் சென்றதில்லை. கரையில் இருந்து கற்பதற்கான பாடநூல்கள் இவை. கற்றபின் வீட்டிலேயே இருக்கும்.

திசை தெரிந்துவிட்டது; எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை எப்படி அறிவது? இதற்குக் கரோலின் தீவுகளில் ‘எத்தக்’ என்ற முறை உண்டு. என் மதிப்பில் இந்தக் கடலறிவு முழுவதிலும் மிக அழகிய கருத்து இதுதான். ரயிலில் போகிறவருக்குத் தொலைவிலுள்ள குன்று மெல்லப் பின்னோக்கி நகர்வதாகத் தெரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மீகாமன் தன் தோணி விண்மீன்களுக்குக் கீழே அசையாமல் நிற்பதாகக் கொள்கிறான். கடலும் தீவுகளும்தான் அவனைக் கடந்து போகின்றன. பயணவழிக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ள ஒரு தீவை அவன் குறியாக வைத்துக்கொள்வான். புறப்படும்போது அந்தத் தீவு, எடுத்துக்காட்டாக, கார்த்திகை எழும் திசையில் இருக்கும். போகப்போக அது ரோகிணியின் கீழ் வந்துவிட்டது, திருவோணத்தின் கீழ் வந்துவிட்டது என்று வேகத்தையும் கடந்த நேரத்தையும் நீரோட்டத்தையும் சேர்த்து அவன் மனத்தில் நகர்த்திக்கொண்டே வருவான். ஒரு மீனிலிருந்து அடுத்த மீனுக்கு நகர்வது ஒரு பகுதி. இத்தனை பகுதி முடிந்தால் சேருமிடம். புயல் வந்து தோணியை ஒதுக்கிவிட்டாலும் அந்தக் குறித்தீவு இப்போது எந்த மீனின் கீழ் இருக்கும் என்று யோசித்தால் தன் இடம் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு ஒரு கணமும் அறுபடக் கூடாது என்பதால்தான் பயணம் முழுவதும் மீகாமன் தூங்குவது மிகச் சொற்பம்.

இந்தக் கணக்கில் கொஞ்சம் பிழை சேராமல் இருக்காது. மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள தீவை நேராக மோதும் அளவு துல்லியம் எவருக்கும் வாய்க்காது என்பதை அம்மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். எனவே தீவைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். கடலாலாக்களும் வெண்ணிற ஆலாக்களும் காலையில் கரையை விட்டு மீன்பிடிக்கப் பறந்து, மாலையில் கூடு திரும்புபவை. நிலத்திலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவுக்குள் அவற்றைக் கூட்டமாகக் காணலாம். மாலையில் அவை போகும் திசையே நிலம். மற்ற மேகங்கள் நகரும்போது ஒன்று மட்டும் அசையாமல் குவிந்து நின்றால் அதன் அடியில் தீவு இருக்கலாம். ஆழமற்ற காயலின் நிறம் மேகத்தின் அடிவயிற்றில் பச்சையாகப் படிவதும் உண்டு. இப்படிப் பறவை, மேகம், அலை எல்லாம் சேரும்போது மூன்று கிலோமீட்டர்த் தீவு எழுபது எண்பது கிலோமீட்டர் அகலமுள்ள இலக்காகிறது. தீவுகள் வரிசையாக அமைந்தால் இந்த வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு திரையாகிவிடும். அந்தத் திரையில் எங்காவது பட்டால் போதும்.

வடக்குத் தெற்காகப் போகும் நெடும்பயணங்களில் இன்னொரு துணையும் உண்டு. ஒவ்வொரு விண்மீனும் பூமியின் ஒரு குறிப்பிட்ட அகலக்கோட்டுக்கு நேர் மேலே கடக்கிறது. சுவாதி ஹவாயின் தலைக்கு மேலும், சிரியஸ் தஹிட்டியின் தலைக்கு மேலும் ஏறத்தாழச் செல்கின்றன. ஹவாயை நெருங்கும்போது தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும் தருணத்தில், அதன் மேல்மீனுக்கும் கீழ்மீனுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அதே அளவுதான் கீழ்மீனுக்கும் அடிவானத்துக்கும் இருக்கும். ஏறத்தாழ ஆறு பாகை. சரியான அகலக்கோட்டை எட்டிவிட்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

எழுத்தில் பதிவான முதல் பெரும் மீகாமர் துபாயியா. தஹிட்டிக்கு அருகிலுள்ள ராயியாத்தேயா தீவில் பிறந்தவர், குருக்கள் மரபைச் சேர்ந்தவர். 1769இல் குக்கின் ‘எண்டவர்’ கப்பலில் ஏறினார். கப்பல் எங்கெல்லாம் சுற்றித் திரிந்தாலும் தஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டால் கை நீட்டிக் காட்டினார். அவர் சொல்லக் கேட்டு உருவான வரைபடத்தில் 74 தீவுகள் இருக்கின்றன. வடக்கு மேலே என்ற ஐரோப்பிய வழக்கத்தில் படித்தவர்கள் அதில் பல தீவுகள் இடம் மாறிக் கிடப்பதாகக் கருதினார்கள். தீவுக்குத் தீவு திசையைச் சொல்லும் முறையில் அமைந்த படம் அது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் விளக்கியபோது அந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கியது. அவோட்டெரோவாவின் மாவோரி மக்களோடு துபாயியா தம் மொழியிலேயே பேசினார். 1770 டிசம்பரில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நோயுற்று இறந்தார். அவரிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டியவற்றை எண்ணும்போது இன்றும் மனம் ஆற மறுக்கிறது.

ஐயங்களுக்கெல்லாம் நேரடியான விடை 1976இல் கிடைத்தது. ஹவாய் மக்கள் பழைய முறையில் அமைந்த, 19 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தோணி ஒன்றைக் கட்டி 1975 மார்ச்சில் கடலில் இறக்கினார்கள். அதற்கு ‘ஹோக்குலேஆ’ என்று பெயர். சுவாதி மீனுக்கு ஹவாய் மொழியில் வழங்கும் பெயர் அது. ஆனால் ஹவாயில் பழைய வழியறிவைக் கற்றவர் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. கரோலின் தீவுகளில் சத்தவால் என்னும், ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்ற மீகாமரை அழைத்துவந்தார்கள். அவர் அந்தக் கடலில் அதுவரை பயணம் செய்ததில்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள வானம் அவருடைய சொந்த வானத்திலிருந்து மாறுபட்டது. 1976 மே 1 அன்று ஹவாயின் மாவி தீவிலிருந்து தஹிட்டி நோக்கிப் புறப்பட்டார்கள். கருவி ஏதும் தோணியில் இல்லை. ஒருநாள் வெண்ணிற ஆலாக்கள் தென்பட்டன. நிலம் நெருங்கிவிட்டது என்று மாவ் அறிந்தார். துவாமோட்டு தீவுக்கூட்டத்தின் மத்தாயிவா முதலில் கண்ணில் பட்டது. ஜூன் 4 அன்று தஹிட்டியின் பப்பேட்டே துறைமுகத்தில் தோணி நுழைந்தபோது சுமார் 17,000 பேர் கரையில் திரண்டிருந்தார்கள். தீவின் மக்கள்தொகையில் அது கணிசமான பங்கு.

இப்போது ‘பிறவித் திசையுணர்வு’ என்ற சொல்லுக்குத் திரும்பலாம். மாவ் பியாய்லுக்கைப் பேரனாகப் பெற்ற ராங்கிப்பி, கைக்குழந்தையாக இருக்கும்போதே அவரைத் தேர்ந்தெடுத்து, அலையின் இழுப்பை உடம்பு அறியட்டும் என்று பவளப்பாறைகளின் இடுக்கில் தேங்கும் கடல்நீரில் வைத்துப் பழக்கினார். பிறகு கல்வட்டம், ஒப்பித்தல், தோணி என்று ஆண்டுக்கணக்கில் பயிற்சி. பதினெட்டு வயதளவில் ‘ப்வோ’ என்னும் சடங்கின் மூலம் மீகாமராக ஏற்கப்பட்டார். இவ்வளவையும் கண்டபின் அதை இயல்புணர்வு என்று சொல்வது, ஒரு வித்துவானின் ராக ஞானத்தைக் கேட்டுவிட்டு அவருக்குக் காது நல்ல காது என்று மட்டும் சொல்வதைப் போன்றது. அந்தப் புகழ்ச்சி ஆசிரியரையும் உழைப்பையும் மறைத்துவிடுகிறது.

மற்றக் கடல்களில் வாழும் பழங்குடிகளிடமும் இதே அளவு ஆழ்ந்த அறிவு வேறு வடிவில் இருக்கிறது. ஒவ்வொன்றும் அந்தந்தக் கடலுக்கு ஏற்றது. அலாஸ்காவை ஒட்டிய, மரமே வளராத அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்கள், மிதந்துவரும் கட்டையால் சட்டம் செய்து கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்திய படகில், மூடுபனி விலகாத கடலில் வேட்டையாடினார்கள். கிழக்குக் கிரீன்லாந்தின் அம்மசாலிக் மக்கள் கரையின் வளைவுகளையும் குடாக்களையும் கட்டையில் செதுக்கி வைத்தார்கள். 1884-85இல் டென்மார்க்கின் குஸ்டாவ் ஹோல்ம் பெற்றுவந்த அந்தக் கட்டைகளைத் தடவிப் பார்த்தே கரையைப் புரிந்துகொள்ளலாம். தாய்லாந்தின் சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்கள், 2004 டிசம்பர் 26 அன்று கடல் திடீரென உள்வாங்கியதைக் கண்டதும், முன்னோர் கதைகளில் வரும் ‘லபூன்’ என்ற பேரலை வரப்போகிறது என்று உணர்ந்து மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள்.

இந்த அறிவு அழிந்ததற்குக் கடல் காரணமில்லை. மரியானா தீவுகளின் சமோரோ மக்கள்தாம் ஆன்சனின் ஆள்கள் வியந்த தோணிகளின் சொந்தக்காரர்கள். 1668இல் தொடங்கிய ஸ்பானிய ஆட்சியின் போர்களிலும் நோய்களிலும் கட்டாய இடமாற்றத்திலும் அவர்களுடைய நெடுங்கடல் பயணம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே முடிந்துபோனது. மார்ஷல் தீவுகளில் மாணவர்களைக் கண்ணைக் கட்டித் தோணியில் கிடத்தி அலைகளைப் பிரித்தறியப் பழக்கிய இடங்களில் ரொங்கலாப் பவளத்தீவும் ஒன்று. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அந்தத் தீவுக்கூட்டத்தில் 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று பிக்கினியில் வெடித்த குண்டின் சாம்பல் ரொங்கலாப்பின் மேல் பொழிந்தது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வகுப்பறையாக இருந்த பவளத்திட்டு பறிபோனதும், பாதி கற்றவர்கள் பாதியிலேயே நின்றார்கள்.

மாவ் பியாய்லுக் ஹவாய்க்காரர்களுக்குக் கற்பிக்க ஒப்புக்கொண்டதற்கும் இத்தகைய அச்சமே காரணம். மீகாமக் கல்வி குடும்பத்துக்குள் காக்கப்படும் சொத்து. அந்நியருக்குத் தருவது மரபை மீறுவது. சத்தவாலின் இளைஞர்கள் பள்ளிக்கும் இயந்திரப் படகுக்கும் போய்விட்டதைக் கண்ட அவர், கேட்பவருக்குக் கொடுக்காவிட்டால் தம்மோடு முடிந்துவிடும் என்று கண்டு மரபை மீறினார். அவரிடம் கற்ற நயினோவா தாம்ப்சன் 1980இல் ஹோக்குலேஆவைக் கருவியின்றித் தஹிட்டிக்குச் செலுத்தித் திரும்பவும் கொண்டுவந்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதைச் செய்த முதல் ஹவாய்க்காரர் அவர். 2007 மார்ச்சில், சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு சத்தவாலில் ப்வோ சடங்கு மீண்டும் நடந்தது. தாம்ப்சன் உள்ளிட்ட ஐந்து ஹவாய்க்காரர்களும், மாவின் சொந்த மகன் உள்ளிட்ட மைக்ரோனீசியர்களும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமர்ந்து மீகாமர்களாக ஏற்கப்பட்டார்கள். மாவ் 2010 ஜூலையில் இறந்தார்.